லாரி டியூபில் மூச்சுவிட்ட மீன்கள்

எங்கள் கம்பெனி வரவேற்பறையில் மீன் தொட்டி வைக்கச் சொன்னவர் ஒரு வாஸ்துக்காரர். அதை எடுக்கச் சொன்னவர் அடுத்த வருஷம் வந்த இன்னொரு வாஸ்துக்காரர். நடுவில் ஆர்டர் கூடியதா குறைந்ததா என்பது முதலாளிக்குத்தான் வெளிச்சம். தொட்டியை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று மேனேஜர் சாம்பிள் செக்‌ஷனில் வந்து கேட்டபோது, நான் யோசிக்கத் தொடங்குமுன் என் கை மேலே போயிருந்தது.

சாம்பிள் செக்‌ஷனில் நான் பேட்டர்ன் வெட்டுகிறவள். வெளிநாட்டிலிருந்து ஒரு படம் வரும். அதைப் பார்த்து அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்தால் முதல் பனியன் தைத்து வரும். இந்த வேலையில் சில வருஷம் இருந்தால் ஒரு நோய் பிடிக்கும். எதைப் பார்த்தாலும், "இதென்ன பெரிய விஷயம், நாமே செய்துவிடலாம்" என்று தோன்றும். எனக்கு அந்த நோய் முற்றிய நிலையில் இருந்தது.

தொட்டி ஒரு லோடு ஆட்டோவில் திருப்பூர் நல்லூரில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தது. கூழாங்கல் வந்தது. ஐந்து தங்க மீன்கள் பாலிதீன் பையில் வந்தன. அதில் ஒன்று கறுப்பு, முட்டைக்கண். தண்ணீரைச் சுத்தம் செய்கிற மோட்டார் மட்டும் வரவில்லை. அதை யாரோ ஏர்கூலருக்கு மாட்டிவிட்டதாகக் கேள்வி. என் கணவர் வேறொரு கம்பெனியில் துணி குடோனைப் பார்த்துக்கொள்பவர், அதிகம் பேசாதவர். மாடி வீட்டு ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். புது மோட்டார் வாங்கிவிடலாமே என்றார். வாங்குவதா? நான் இருக்கும்போதா?

கடையில் சின்னதாக ஒரு காற்று மோட்டார் மட்டும் வாங்கினேன். சுத்தம் செய்கிற பகுதியை நானே செய்வதாகத் திட்டம். விஷயம் எளிதுதான். ஒரு குழாயின் அடியில் காற்றை விட்டால் குமிழி மேலே ஏறும். ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். குழாயின் அடியில் ஸ்பாஞ்சு சுற்றிவிட்டால் அழுக்கு அதில் தங்கிவிடும். குழாய்க்கு நூல் சுற்றி வரும் பிளாஸ்டிக் கோன் இருந்தது. ஸ்பாஞ்சுக்கு என்ன செய்வது என்று சாம்பிள் செக்‌ஷனில் தேடியபோது, ஒரு பெட்டி நிறைய உள்ளாடைக்கு வைக்கிற கப்புகள் கிடந்தன. ரத்தான ஆர்டர். நல்ல தரமான ஸ்பாஞ்சு. அரைவட்டமாக, கோனைக் கவ்விப் பிடிக்க அளவெடுத்த மாதிரி இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஜோடி ஜோடியாகச் சேர்த்துத் தைத்தேன். மிதந்ததால் உள்ளே கல்லைப் பொதிந்து தைத்தேன். பிரமாதமாக வேலை செய்தது. இரண்டே நாளில் தண்ணீர் பளிங்காகிவிட்டது. தண்ணீர் பளிங்காக இருந்ததால், உள்ளே கிடப்பது என்ன என்பதும் எல்லோருக்கும் பளிச்சென்று தெரிந்தது.

முதலில் பார்த்தவர் கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், ஆகிருதியான பெண்மணி. வீட்டுக்காரர் விடிந்ததும் அவிநாசிபாளையம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடுவார், பிள்ளைகள் வெளியூரில். பகலெல்லாம் அக்கா தனியாகத்தான் இருப்பார். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் யாருக்கும் தெரியாது என்பதால், மாடி டிரம்மை நிரப்பிவிட எங்கள் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. மீன் பார்க்க வந்தவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி. உள்ள கெடக்கறது அதுதானுங்களா?"

"அதுதான்க்கா. ஆனா புதுசு," என்றேன்.

அக்கா இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பெண்களெல்லாம், மாடியில் மீன் இருக்கிறதாமே என்று வரிசையாக ஏறி வந்தார்கள். ஒருத்தரும் மீனைப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு வந்ததுதான் மின்வெட்டுக் காலம். திருப்பூரில் அப்போது இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். இந்த வாரம் காலையில், அடுத்த வாரம் மத்தியானம், சாயங்காலம் அடுப்பு பற்றவைக்கிற நேரத்தில் இன்னொரு தடவை. கம்பெனிகளில் ஜெனரேட்டர் போடுவார்கள். அந்தச் சத்தத்திலேயே வேலை நடக்கும். என் வீட்டுத் தொட்டிக்கு ஜெனரேட்டர் ஏது? கரண்டு போனதும் குமிழி நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் ஐந்து மீனும் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, பொதுக்கூட்டத்தில் மைக் கிடைக்காதவர்கள் மாதிரி வாயசைக்கும்.

எனக்குத் தூக்கம் கெட்டது. மீனை நினைத்து மட்டுமல்ல; செய்வதற்கு ஒரு புதுச் சாமான் கிடைத்துவிட்டதே என்றுதான்.

யோசனை இதுதான். காற்றைச் சேர்த்துவைக்க ஒரு பை வேண்டும். அதிலிருந்து காற்றைச் சொட்டுச் சொட்டாக விட ஒரு திருகு வேண்டும். பைக்கு லாரி டியூப். திருகுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற டிரிப்ஸ் குழாய். அதில் விரலால் உருட்டுகிற ஒரு சின்னச் சக்கரம் இருக்குமல்லவா, அது. மருந்துக்கடையில் கேட்டபோது யாருக்கு என்றார் கடைக்காரர். மீனுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் ஒருத்தருக்கு மூச்சுத்திணறல் என்றேன். மூச்சுத்திணறலுக்கு எதற்கு டிரிப்ஸ், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று அவர் பதறி, ஆட்டோவுக்கு ஆள் அனுப்பப் பார்த்தார். கறுப்பாக முட்டைக்கண்ணோடு இருப்பார் என்று சொன்னால் இன்னும் பதறியிருப்பார். ஒரு வழியாகக் குழாயை வாங்கிக்கொண்டு தப்பி வந்தேன்.

டியூபை தாராபுரம் ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில் பிடித்தேன். உடம்பெல்லாம் ஒட்டுப்போட்ட பழைய டியூப். காற்றடித்துக் கொடுத்த பிறகுதான் அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது. ஸ்கூட்டரில் முன்னால் வைத்தால் ரோடு தெரியவில்லை. பின்னால் கட்டினால் கணவருக்கு இடமில்லை. கடைசியில் அவரைப் பின்னால் உட்காரவைத்து, தலை வழியாக டியூபை இறக்கி, இடுப்போடு மாட்டிவிட்டேன். சாயங்காலம் கம்பெனிகள் விடுகிற நேரம். ரோடு முழுக்க ஆள். லாரி டியூபுக்குள் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் வழியெல்லாம் தன் தெற்கத்திப் பேச்சில் ஒன்றுதான் சொன்னார்.

"வேகமாப் போடீ. ஆளுக பாக்காவ."

என் கம்பெனி வேன் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னல் தோறும் முகம். மறுநாள் டீ நேரத்தில், ஊருக்குள் வெள்ளம் வரப்போகிறதா என்று கட்டிங் மாஸ்டர் விசாரித்தார்.

டியூபின் வால்வுக்குள் இருக்கிற முள்ளை அழுத்தினால்தான் காற்று வெளியே வரும். அதற்கு, நிட்டிங் மெஷினில் உடைந்த ஊசித் துண்டு ஒன்றைக் குழாய்க்குள் வைத்துப் பசை போட்டு, மாட்டினால் தானாக அழுத்துகிற மாதிரி ஒரு மூடி செய்தேன். மூன்று மூடி வீணாயிற்று. நாலாவது நின்றது. அன்று சாயங்காலம் கரண்டு போனதும் சக்கரத்தை மெல்ல உருட்டினேன். ஸ்பாஞ்சுக்கு மேலிருந்து ஒரு குமிழி வந்தது. பிறகு ஒரு சரம். நான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கைதட்டினேன். கணவரும் தட்டினார், டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு போகிற வேலை இனி இல்லை என்று நினைத்திருப்பார் பாவம்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் குமிழி இளைத்தது. டியூபில் காற்று இருக்கிறது, தள்ளுகிற வேகம் இல்லை. ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் அரிசிப் பையை வைத்தேன், போதவில்லை. கணவரை உட்காரச் சொன்னேன். அவர் ஒல்லி. அவர் உட்கார்ந்தது டியூபுக்கே தெரியவில்லை. நான் ஏன் உட்காரவில்லை என்று கேட்கலாம். நான் இன்ஜினியர் அல்லவா? இன்ஜினியர் நின்றுகொண்டுதான் இருப்பார்.

அப்போதுதான் கீழே புழுக்கம் தாங்காமல் ஓனர் அக்கா மேலே வந்தார். எங்கள் ஹாலில் ஜன்னல் காற்று வரும். வந்தவர் உட்கார இடம் தேடி, கறுப்பாக, மெத்தென்று, பலகை போட்டுத் தயாராக இருந்த அந்த ஆசனத்தில் நிதானமாக உட்கார்ந்தார்.

தொட்டி கொதித்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு குமிழி. மேலே நின்ற மீன்கள் கீழே இறங்கிக் கல்லுக்குள் மூக்கை நுழைத்து விளையாடத் தொடங்கின. நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா எதையும் கவனிக்காதவர் மாதிரி, தோட்டத்தில் மயில் வந்து தக்காளியைக் கொத்துகிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து சாயங்காலம் கரண்டு போனால் அக்கா மேலே வருவார். நான் அரிசிப் பையை எடுத்துவிட்டுப் பலகையைத் துடைத்துவைப்பேன். நாற்காலியை மறைத்துவைத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காபி கொடுத்து, கதை கேட்டு, எழுந்திருக்கப் போனால், "அதுக்குள்ள என்னக்கா," என்று கையைப் பிடித்து உட்காரவைப்பேன். என்ன பாசமான பெண் என்று நினைத்திருப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அவர் பேசும்போது என் கண் ஒன்று குமிழி மேலேயே இருந்தது.

பகல் மின்வெட்டுக்கு நான் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். நாங்கள் வேலைக்குப் போன பிறகு கரண்டு போனாலும் மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. அதற்குக் காரணம் என் கப் ஃபில்டர் தண்ணீரை அத்தனை சுத்தமாக வைத்திருப்பதுதான் என்று கம்பெனியில் எல்லோரிடமும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். ஒரே ஒரு குறை. காலையில் கணவர் சைக்கிள் பம்பால் அடித்துத் திண்ணென்று வைக்கிற டியூப் சாயங்காலம் வந்து பார்த்தால் தொய்ந்துபோயிருக்கும். எங்கேயோ கசிகிறது என்று முடிவுகட்டி, பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். கசிவே இல்லை என்றார். இருக்கிறது, சரியாகப் பாருங்கள் என்று வாக்குவாதம் செய்தேன். கடைசியில் அவர், நல்லாயிருந்த ஓர் இடத்தில் என் திருப்திக்காக ஓர் ஒட்டு போட்டுக் கொடுத்தார். அதன் பிறகும் சாயங்காலம் தொய்ந்துதான் இருந்தது. அவருக்கு ஒட்டத் தெரியவில்லை என்று வீட்டில் வந்து சொன்னேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது என் கணவர் பேசினார். எப்போதாவது பேசுகிறவர்கள் பேசினால் இதுதான் கஷ்டம். ஒரு சாயங்காலம் அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்து எழுந்ததும் குமிழி சுருங்கியது. இவர் வெள்ளந்தியாகச் சொன்னார்:

"நீங்க உக்காந்தாத்தான்க்கா மீனுக்கு மூச்சே வருது. எங்க ரெண்டு பேரு வெயிட்டும் பத்தாது பாத்துக்கோங்க."

நான் சமையலறைக்குள் போய் அங்கே இல்லாத ஒன்றைத் தேடினேன். அக்கா, "அப்படீங்களா," என்றார். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிறங்கினார்.

மறுநாள் கரண்டு போனது. அக்கா வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் கணவரிடம் பேசுவதை நிறுத்தினேன். அவருக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரிந்ததா என்று சந்தேகம். கீழே போய் அக்காவைப் பார்க்கவும் முகமில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்காமல் இறங்கி வேலைக்குப் போனேன். ஒருவரை மாதக்கணக்கில் எடைக்கல்லாகப் பயன்படுத்திவிட்டு, என்ன சொல்லி ஆரம்பிப்பது?

இரண்டொரு நாள் கழித்து, சாயங்காலம் கதவைத் திறந்தால் மீன்களெல்லாம் மேலே வாயசைத்துக்கொண்டிருந்தன. மத்தியானம் கரண்டு நீண்ட நேரம் இல்லை என்று தெருவில் சொன்னார்கள். கறுப்பு மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பிளாஸ்டிக் மக்கால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். மற்ற நாலும் தேறின. அது தேறவில்லை. அதிசயமாக, டியூப் அன்று காலையில் இருந்தது போலவே திண்ணென்று இருந்தது. அதைக் கவனித்தேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்பது என் இன்ஜினியர் மூளைக்கு எட்டவில்லை.

அழுதேன். அழுத முகத்தோடு கீழே போனேன். அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலில் துணி சுற்றியிருந்தது. கறுப்பு செத்துப்போனதைச் சொன்னேன். அவர் முகம் சட்டென்று மாறியது.

"நா ஏறி வந்திருந்தேன்னா பொழச்சிருக்குமுங்க," என்றார்.

கோபத்தில்தானே வரவில்லை, எங்கள் வீட்டுக்காரர் அப்படிச் சொன்னது தப்புதான், மன்னித்துவிடுங்கள் என்று நான் திணறிச் சொன்னேன். அக்கா என்னை விளங்காமல் பார்த்தார்.

"கோவமா? எதுக்குங்க அம்மிணி? முட்டி வீங்கிப்போச்சு, படியேற முடியலீங்க. நீங்க ரெண்டு பேரும் இல்லாதப்ப கரண்டு போனா நாந்தானுங்களே மேல வந்து, அந்தச் சக்கரத்தத் திருப்பி உட்டுப்போட்டு உக்கோந்திருப்பேன். மத்தியானச் சோத்தக்கூட அங்கதான் கொண்டாந்து திங்கறது."

தொய்ந்த டியூபும், போடாத பஞ்சருக்குப் போட்ட ஒட்டும், கம்பெனி முழுக்க நான் பெருமையடித்த கப் ஃபில்டரும் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன.

நீங்கள் உட்கார்ந்தால்தான் குமிழி வருகிறது என்பது முன்பே தெரியுமா என்று கேட்டேன்.

"மொத நாளே பாத்துட்டனுங்க. நா உக்கோந்ததும் குமிழி எச்சா வருது, எந்திரிச்சா நின்னு போகுது. இந்த ஒடம்ப வெச்சுட்டு டாக்டர்கிட்ட வசவு, ஒறம்பரை சனத்துகிட்ட வசவு. ஒரு சீவனுக்காச்சும் ஆகுதேன்னு இருந்துச்சுங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க நாற்காலிய மறைச்சு வெக்கறதும் தெரியுமுங்க," என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு இரண்டு பேருமாகக் கறுப்பு மீனைக் கொண்டுபோய் அவர் வீட்டு முருங்கைமரத்தடியில் புதைத்தோம். குழி தோண்டியது என் கணவர். அன்று அவரிடம் பேசத் தொடங்கினேன்.

அக்கா இனி படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தொட்டியே கீழே இறங்கியது. தண்ணீரை வடித்து, தெருவில் இருந்த தையல் யூனிட்டில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கி, அக்காவின் ஹாலில் வைத்தோம். டியூபும் கூடவே போனது. அன்று சாயங்காலமே கரண்டு போயிற்று. அக்கா சமையலறையில் இருந்தார். சரி, அவர் வருகிறவரை ஒரு கை கொடுப்போம் என்று, வாழ்க்கையில் முதன்முறையாக நான் அதன் மேல் உட்கார்ந்தேன்.

வெடித்தது. ஒட்டுக்கு மேல் ஒட்டு போட்ட பழைய ரப்பர். எத்தனை நாளைக்குத்தான் தாங்கும் என்று பிற்பாடு எல்லோருக்கும் விளக்கினேன். யாரும் நம்பவில்லை. சத்தம் கேட்டு டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது என்று தெருவே வெளியே வந்துவிட்டது. இன்று கரண்டு வராதா என்று கேட்டு ஒருவர் மின்வாரியத்துக்குப் போன்கூடப் போட்டுவிட்டார். நான் பலகையோடு தரையில் கிடந்தேன். அக்கா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, நா இத்தன நாளு உக்கோந்தேன், ஒண்ணும் ஆகலீங்களே," என்றார். அவ்வளவு சாதுவாக ஒருவர் பழிதீர்த்து நான் பார்த்ததில்லை.

அன்று மீதி மின்வெட்டு முழுவதும் நானும் அவரும் ஆளுக்கொரு மக்கால் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தோம். அக்கா ஊற்றும்போது மயில் கதையின் அடுத்த பகுதியைச் சொன்னார். பெண்மயில் குஞ்சுகளோடு வரத் தொடங்கிவிட்டதாம். தக்காளி போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்களாம். என் கண் இரண்டும் அன்று அவர் மேலேயே இருந்தன, குமிழி இல்லையே.

தொட்டி அவர் ஹாலிலேயே தங்கிவிட்டது. சில மாதம் கழித்து எங்களுக்கு அனுப்பர்பாளையத்தில் வேலைக்குப் பக்கமாக வீடு கிடைத்தது. போகும்போது மீனைக் கேட்க மனம் வரவில்லை. அக்காவும் கொடுக்கிற மாதிரி தெரியவில்லை. அவருடைய மகன் ஊரிலிருந்து பேட்டரியில் ஓடுகிற ஒரு மிஷின் வாங்கி அனுப்பினான். கரண்டு போனால் தானாகவே ஓடுமாம். அதைச் சொல்ல அக்கா எனக்குப் போன் செய்தார். நான் கொஞ்சம் வாட்டத்தோடு, நன்றாக ஓடுகிறதா என்று கேட்டேன்.

"ஓடுதுங்க. ஆனா நம்ம டியூப்ல வந்த மாதிரி குமிழி வர்றதில்லீங்க அம்மிணி," என்றார்.

எனக்காகச் சொன்ன பொய்தான். ஆனாலும் போனை வைத்ததும் கணவரிடம் போய் அதை இரண்டு தடவை சொன்னேன்.